உப்பளமா, ஆறா, வயலா: ஜீனோம் எடுக்கப் போகிறவர் காசை எதில் போடலாம்?

திருநெல்வேலிப் பக்கம் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், இல்லுமினாவில் கொடுக்கலாமா, நானோபோரில் கொடுக்கலாமா?" இரண்டும் ஒரு உயிரின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏவை, படிக்க உதவும் மெஷின்கள். நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தண்ணீர், எந்த மண்?" மெஷினை முதலில் முடிவு செய்துவிட்டுச் சாம்பிளைத் தேடிப் போனால் பாதிக் காசு வீண். சாம்பிள் எது என்று தெளிவாகிவிட்டால், மெஷினைப் பற்றிய கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளத்துச் சிவப்புத் தண்ணீர் என்றால் நானோபோர் (நீளத் துண்டாகப் படிப்பது), கூடவே கொஞ்சம் ஷார்ட் ரீட் (இல்லுமினா மாதிரி, சின்னத் துண்டாகப் படிப்பது). தாமிரபரணித் தண்ணீர் என்றால் ஷார்ட் ரீட் மட்டும், ஆனால் பல இடத்தில், பல மாதத்தில் எடுத்த சாம்பிள்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் சேறு என்றால், ஒரு பிஎச்டிக்குக் கிடைக்கும் பணத்தில் ஜீனோம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். விட மனமில்லை என்றால் சேற்றை அப்படியே அனுப்பாமல் சுற்று வழியில் போக வேண்டும்.

வேலையைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. சூழலில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. ஆகவே தண்ணீரையோ சேற்றையோ எடுத்து, அதிலிருக்கும் எல்லா உயிர்களின் டிஎன்ஏவையும் ஒட்டுமொத்தமாகப் பிரித்து, துண்டுதுண்டாகப் படித்து, கணினியில் ஒட்டி, ஒவ்வொரு உயிரின் ஜீனோமையும் தனித்தனியாக மீட்டெடுக்கப் பார்க்கிறோம். இது முடியும் என்று முதலில் காட்டியது 2004-இல், கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்து அமிலநீரில். ஜில் பேன்ஃபீல்டின் குழு சுமார் 7.6 கோடி எழுத்துகளைப் படித்து, இரண்டு உயிர்களின் ஜீனோமைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்தது. அன்று அது முடிந்ததற்குக் காரணம் மெஷினின் பலம் இல்லை. அந்த அமிலத்தில் விரல்விட்டு எண்ணும்படியான இனங்களே இருந்தன. அந்தப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை.

சிக்கல் எங்கே என்று புரிய ஒரு உதாரணம் போதும். பத்து ஊர் வாக்காளர் பட்டியலைக் கிழித்து ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் ஒன்றரை வார்த்தைதான். "இசக்கிமுத்து" என்ற துண்டு கையில் வந்தால் அது எந்த ஊர் இசக்கிமுத்து? நம் பக்கத்தில் எல்லா ஊரிலும் ஒன்பது பேர் இருப்பார்கள். அதே துண்டில் தகப்பன் பெயர், கதவு எண், தெருப் பெயர் எல்லாம் சேர்ந்து வந்தால் ஊரைச் சொல்லிவிடலாம். ஷார்ட் ரீடுக்கும் லாங் ரீடுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இல்லுமினா ஒரு துண்டின் இரு முனையிலும் 150 எழுத்துகள் படிக்கும், பிழை மிகக் குறைவு. நானோபோர் ஆயிரக்கணக்கில், சில நேரம் பல்லாயிரக்கணக்கில் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும், பிழை கொஞ்சம் அதிகம். பேக்பயோ ஹைஃபை 10,000 முதல் 20,000 எழுத்து வரை, நூற்றுக்கு 99.9 துல்லியத்தில் படிக்கும், விலையும் அதற்கேற்ப.

துண்டுகளை ஒட்டினால் வருவது முழு ஜீனோம் அல்ல, காண்டிக் எனப்படும் நடுத்தர நீளத் துண்டுகள். எந்தக் காண்டிக் எந்த உயிருடையது என்று பிரித்துக் கட்டுவதுதான் பின்னிங். அதற்கு இரண்டு தடயங்கள். ஒன்று, நாலெழுத்துச் சேர்க்கைகள் எந்த விகிதத்தில் வருகின்றன என்பது. இரு இழைகளையும் ஒன்றாக எண்ணினால் 136 சேர்க்கைகள், ஒவ்வொரு உயிருக்கும் அந்த விகிதம் ஒரு மாதிரி. இன்னொன்று, அந்தக் காண்டிக் எத்தனை முறை படிக்கப்பட்டிருக்கிறது என்பது. ஒரே உயிரின் காண்டிக்குகள் எல்லாச் சாம்பிள்களிலும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். இந்த இரண்டாவது தடயம் பல சாம்பிள்கள் இருந்தால்தான் வேலை செய்யும். ஒரே ஒரு சாம்பிளை எடுத்து எல்லாக் காசையும் அதில் கொட்டுபவர்கள் இழப்பது இதைத்தான்.

சாம்பிளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பத்து ஜிகாபேஸ் படித்தால் கிடைப்பது 1,000 கோடி எழுத்துகள். நானோபோரின் மின்அயன் மெஷினில் போடும் ஒரு சாதாரண ஃப்ளோசெல் (டிஎன்ஏவைப் படிக்கும் சில்லு) நல்லபடியாக ஓடினால் ஏறக்குறைய இவ்வளவு வரும், சில நேரம் கூடவும் வரும். இதில் ஒரு சதவீதம் ஒரு உயிருடையது என்றால் 10 கோடி எழுத்து. அதன் ஜீனோம் 30 லட்சம் எழுத்து என்றால், ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 33 தடவை படிக்கப்பட்டிருக்கும். ஒட்டுவதற்கு அது போதும். அதே உயிர் 0.1 சதவீதம்தான், ஜீனோம் 50 லட்சம் எழுத்து என்றால் வெறும் இரண்டு தடவை. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

உப்பளத்துக்கு இந்தக் கணக்கு அள்ளிக் கொடுக்கும். கடல் தண்ணீர் மூணு டிகிரி போமேயில் (தண்ணீரில் உப்பு எவ்வளவு கெட்டி என்று காட்டும் அளவு) உள்ளே வருகிறது என்றால், பாத்தி பாத்தியாக ஏறி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். டிகிரி ஏற ஏற இனங்கள் குறைந்துகொண்டே போகும். கடைசிப் பாத்தியில் தாக்குப்பிடிப்பவை மிகச் சில: சதுர வடிவிலிருக்கும் ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியை, சாலினிபாக்டர் ரூபர், டுனாலியெல்லா பாசி, அப்புறம் அவற்றின் சொந்தபந்தங்கள். உலகம் முழுக்க இந்த வகை உப்பளங்களில் இதே கூட்டம்தான் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஒரு இனம் மட்டுமே மொத்த டிஎன்ஏவில் பத்து, இருபது சதவீதம் என்று வருவது இங்கே சாதாரணம். முள்ளக்காட்டுப் பக்கம் பாத்தி ஓரத்தில் நிற்கும் அண்ணாச்சி ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப் பார்த்து, "இருபத்தஞ்சு தாண்டிட்டு, உள்ள எறங்காதீய" என்பார். அவர் கையிலிருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயை விட நல்ல சாம்பிள் வழிகாட்டி கிடையாது. தண்ணீர் சிவந்தால் வெயிலை நன்றாக உறிஞ்சி உப்பு சீக்கிரம் விளையும் என்பது அவர்களுக்குப் பழைய சங்கதி. அந்தச் சிவப்பு, உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களின் (பாக்டீரியா போலத் தோன்றும், ஆனால் வேறு வம்சத்து ஒற்றைச்செல் உயிர்கள்) நிறமியும் டுனாலியெல்லாவின் கரோட்டினும்தான்.

ஆறு நடுத்தரம். பாபநாசத்தில் இறங்கி சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி ஒரே ஆறாக இருப்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு கூட்டம், ஊர்ச் சாக்கடை கலந்த பிறகு வேறு கூட்டம், உப்பு ஏறும் முகத்துவாரத்தில் இன்னொன்று. நன்னீரில் வாழும் ஆக்டினோபாக்டீரியாக்கள் பலவற்றின் ஜீனோம் 15 லட்சம் எழுத்துக்கும் குறைவு. சின்ன ஜீனோம் என்பதால் கொஞ்சம் படித்தாலே பல தடவை படித்ததாகிவிடும். இங்கே காசைச் சாப்பிடுவது ஆழம் (ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை தடவை படிக்கிறோம் என்பது) அல்ல, சாம்பிள்களின் எண்ணிக்கை. அதே எண்ணிக்கைதான் பின்னிங்குக்குத் தேவையான ஏற்ற இறக்கத்தையும் கொடுக்கிறது. அதனால்தான் ஆற்றுக்கு ஷார்ட் ரீடைச் சொல்கிறேன்: மலிவு, பல சாம்பிள், ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து ஜிகாபேஸ். சாக்கடை கலப்பால் மருந்துக்கு அடங்காத கிருமிகளின் ஜீன்கள் எவ்வளவு கூடுகின்றன என்பதுதான் கேள்வி என்றால், எண்ணிக்கை பார்க்கவும் ஷார்ட் ரீடே வசதி. அந்த ஜீன் எந்தப் பாக்டீரியாவின் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வட்டம்) உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் மட்டும் ஷார்ட் ரீட் கையை விரித்துவிடும்.

வயல் வேறு கதை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான செல்கள், ஆயிரக்கணக்கான இனங்கள், எதுவும் தனியாக ஒரு சதவீதத்தை எட்டுவது அரிது. மேலே போட்ட கணக்கில் இரண்டாவது வரிதான் இங்கே விதி. மண்ணிலும் முடியும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி டென்மார்க்: 154 மண், படிவுச் சாம்பிள்களை, ஒவ்வொன்றையும் ஏறக்குறைய நூறு ஜிகாபேஸ் நானோபோரில் படித்து 15,000-க்கும் மேற்பட்ட புதிய இனங்களின் ஜீனோமை எடுத்தார்கள். ஒரு சாம்பிளுக்கு நூறு! நம் மாணவர் பத்து ஜிகாபேஸ் ஷார்ட் ரீடை வைத்துக்கொண்டு பிசான நெல் வயல் சேற்றில் ஜீனோம் தேடினால், காண்டிக்குகள் எல்லாம் ஆயிரம் எழுத்தில் நின்றுவிடும், மூன்று மாத வேலைக்குப் பின் கையில் நாலு அரைகுறை ஜீனோம்.

ஆனால் வயலில் மீத்தேன் கேள்வி சுவாரசியமானது என்பதால் அந்தச் சுற்று வழியையும் சொல்ல வேண்டும். 2006-இல் இத்தாலிய நெல் வயல் மண்ணிலிருந்து, ரைஸ் கிளஸ்டர் ஒன்று என்று அப்போது அழைக்கப்பட்ட மீத்தேன் ஆர்க்கியாவின் முழு ஜீனோமை எடுத்தார்கள். மண்ணை நேரே படிக்கவில்லை. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கொடுத்து, அந்த ஆர்க்கியாவுக்குப் பிடித்த சூட்டில் வைத்துப் பெருகவிட்டு, கூட்டத்தில் மற்ற இனங்கள் குறைந்த பிறகே டிஎன்ஏவைப் படித்தார்கள். ஆக்சிஜன் புகாத பாட்டில்கள், வாயு உருளை, பொறுமை. மெஷின் செலவை விட இது மலிவு, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். காற்றில்லாச் சூழலில் வளர்க்கக் கை பழகியவர் ஒருவர் ஆய்வகத்தில் இருந்தால் தாராளமாக இறங்கலாம். இல்லையென்றால் வயலுக்கு 16எஸ், அதாவது இனத்தை அடையாளம் காட்டும் ஒரே ஜீனை மட்டும் படிப்பது, போதும். யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் மட்டும் தேவை என்றால் ஜீனோம் எதற்கு?

உப்பளத்தில் ஷார்ட் ரீட் ஏன் சறுக்குகிறது

இங்கேதான் பலர் என்னோடு வாதாடுகிறார்கள். "இனங்கள் கொஞ்சம்தானே, மலிவான ஷார்ட் ரீடே போதாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் இனங்கள்தான் கொஞ்சம், ஒவ்வொரு இனத்துக்குள்ளும் ரகங்கள் ஏராளம். ஹாலோகுவாட்ராட்டத்தின் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் கூட ஜீனோமின் சில பகுதிகளில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்தில் இதை விவரமாகப் பார்த்திருக்கிறார்கள்: ஜீனோமில் தீவு தீவாகச் சில இடங்கள், அங்கே ரகத்துக்கு ரகம் ஜீன்களே வேறு. 150 எழுத்துத் துண்டுகளை ஒட்டும் மென்பொருள் இப்படிப்பட்ட இடத்துக்கு வந்ததும் எந்தப் பாதையில் போவது என்று தெரியாமல் காண்டிக்கை வெட்டிவிடும். ஆழத்தைக் கூட்டக் கூட்ட அரிய ரகங்களும் சேர்ந்து தலைகாட்டி, குழப்பம் கூடும். ஆயிரம் தடவை படித்தும் மிக அதிகமாக இருக்கும் இனமே மிக மோசமாக ஒட்டுப்படுவது உப்பளத்தில் கண்கூடு.

இரண்டாவது, இடம் மாறித் தாவும் துண்டுகள். உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களின் ஜீனோமில் இவை ஏராளம், ஆயிரம் எழுத்துக்கு மேல் நீளம், ஒரே மாதிரி பல பிரதிகள். 150 எழுத்தால் இதைத் தாண்டிப் பார்க்க முடியாது. பத்தாயிரம் எழுத்து ரீட் இரண்டு பக்கக் கரையையும் சேர்த்துக் காட்டிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். இந்த ஆர்க்கியாக்கள் ஜீனோமை ஒரே வட்டத்தில் வைத்திருப்பதில்லை. சாக்கடலிலிருந்து எடுத்த ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுவைக்கு ஒன்பது வட்டங்கள். பெரிய பிளாஸ்மிடுகளின் எழுத்து விகிதமும் வேறு, பிரதி எண்ணிக்கையும் வேறு. பின்னிங்குக்குச் சொன்ன இரண்டு தடயங்களும் இங்கே ஒரே நேரத்தில் கைவிடும். ஷார்ட் ரீடில் எடுத்த ஜீனோமில் இந்தப் பிளாஸ்மிடுகள் பெரும்பாலும் அப்படியே விடுபட்டுப் போகும், விடுபட்டது தெரியவும் தெரியாது. நானோபோரில் அவை முழு வட்டமாகவே வர நல்ல வாய்ப்பு உண்டு. அதோடு, நானோபோர் டிஎன்ஏவை நகலெடுக்காமல் நேராகப் படிப்பதால், டிஎன்ஏ மேல் செல் இடும் மெத்திலேஷன் என்ற வேதிக் குறிகளையும் காட்டும். ஒரே உயிரின் குரோமோசோமிலும் பிளாஸ்மிடிலும் ஒரே மாதிரிக் குறிகள் இருக்கும் என்பதால், எந்தப் பிளாஸ்மிட் யாருடையது என்று சேர்த்துப் பார்க்க வழி பிறக்கிறது.

பிழை விஷயம்? நானோபோரின் ஆர்10.4.1 ஃப்ளோசெல்கள் வந்த பிறகு அந்தப் பயம் பெருமளவு தணிந்துவிட்டது. ஒரு ரீடின் துல்லியம் 99 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. ஜீனோம் நாற்பது தடவை படிக்கப்பட்டிருந்தால் ஷார்ட் ரீடால் திருத்தாமலே நல்ல ஜீனோம் வரும் என்று 2022-இல் டென்மார்க் குழு ஒன்று காட்டியது. அதற்குக் கீழே இருபது, பதினைந்து என்று இறங்கினால், ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில் ஒன்று கூடியோ குறைந்தோ போய் ஜீன்கள் நடுவில் உடைந்து தெரியும். குறைந்த ஆழத்தில் வரும் அந்த இனங்களுக்குத்தான் கூடவே கொஞ்சம் ஷார்ட் ரீட் வேண்டும் என்றேன்.

ஹைஃபையை ஏன் சொல்லவில்லை? காசு இருந்தால் அதுதான் ராஜா. ரகங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதே உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஹைஃபைதான். ஆனால் ஹைஃபை படிக்கும் ரெவியோ மெஷினின் ஒரு சில்லில் நூறு ஜிகாபேஸுக்கு மேலேயும் வரும், ஒரு உப்பளத்துத் தண்ணீருக்கு அது ரொம்ப அதிகம். வேறு குழுக்களோடு பங்கு போட வேண்டும், பங்காளி கிடைக்கும் வரை டிஎன்ஏ ஃப்ரீசரில் தூங்கும். சுத்தமான, நீளமான டிஎன்ஏவும் கேட்பார்கள்.

டிஎன்ஏ எடுக்கும் மேசையில்

உப்பளத்துக்குச் சாதகமாக இன்னொரு சங்கதி, ஆய்வக மேசையில் தெரியவரும். உப்பு விரும்பும் ஆர்க்கியாக்களை உப்பில்லாத தண்ணீரில் போட்டால் தானாக வெடித்துவிடும். பாத்தித் தண்ணீரை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி (கெட்டியான தண்ணீர், ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், நாலைந்து ஃபில்டர் கையில் இருக்கட்டும்), அதை உப்புக் குறைந்த பஃபரில் வைத்த சற்று நேரத்தில் குழாயில் இருப்பது பிசுபிசுவென்று நூலாக இழுபடும். அந்த நூல்தான் நீளமான டிஎன்ஏ. மணிகளைப் போட்டு அடித்து நொறுக்க வேண்டியதில்லை, வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவி பக்கமே போகக் கூடாது, வாய் அகன்ற டிப்பால் மெதுவாக எடுக்க வேண்டும். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் சாலினிபாக்டர் உடையாமல் தப்பிவிடும். அது பாக்டீரியா, சுவர் உண்டு. ஆகவே எஸ்டிஎஸ் என்ற சோப்பும், புரோட்டினேஸ் கே என்ற புரதம் அறுக்கும் என்சைமும் போட்டு சூட்டில் வைத்தே தீர வேண்டும். கடைசியில் 70 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள், இல்லையென்றால் கூட வந்த உப்பே மெஷினைக் கெடுக்கும்.

இன்னும் சின்ன உயிர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சேதி: ஆஸ்திரேலியாவின் டிரெல் ஏரியில் 2012-இல் கண்டுபிடித்த நானோஹாலோஆர்க்கியா, 0.8 மைக்ரான் ஃபில்டரைத் தாண்டி 0.1-இல் பிடிபட்டவை. ஜீனோம் 12 லட்சம் எழுத்துதான். அவற்றை யாரும் முதலில் வளர்த்துக் கண்டுபிடிக்கவில்லை, இதே முறையில் ஜீனோமை ஒட்டிய பிறகே அப்படியொரு கூட்டம் இருப்பது தெரிந்தது.

வயல் சேற்றில் இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது. மணி போட்டு அடித்தால்தான் செல்கள் உடையும், அடித்தால் டிஎன்ஏவும் உடையும். கூடவே மண்ணின் மக்கிலிருந்து ஹியூமிக் அமிலம் வந்து டிஎன்ஏ பழுப்பாக நிற்கும், என்சைம்களை வேலை செய்ய விடாது. டிஎன்ஏ அளக்கும் கருவிகளில் நானோடிராப் அளவைப் பிரமாதமாகக் காட்டும், கியூபிட்டில் பார்த்தால் பாதி கூட இருக்காது. எந்தச் சாம்பிளாக இருந்தாலும் கியூபிட் எண்ணை மட்டும் நம்புங்கள். வெறும் பஃபரை வைத்து எல்லாப் படிகளையும் கடந்த ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்தே அனுப்புங்கள். கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும். குறைந்த டிஎன்ஏ உள்ள சாம்பிளில் அது புதுக் கண்டுபிடிப்பாக வேஷம் போடும்.

கணினி, தரம், மீதிச் செலவு

சீக்வென்சிங் பில்லைக் கட்டியதும் செலவு முடிந்தது என்று நினைப்பவர்கள் கணினியை மறந்துவிடுகிறார்கள். ஷார்ட் ரீடுக்கு மெகாஹிட் என்ற ஒட்டும் மென்பொருள் என்றால் சுமாரான சர்வரிலேயே ஓடும். மெட்டாஸ்பேட்ஸ் நீளமான காண்டிக்கைக் கொடுக்கும், ஆனால் ராமை அள்ளிச் சாப்பிடும். ஆற்றுச் சாம்பிள்களுக்கு என் சிபாரிசு மெகாஹிட், ஒவ்வொரு சாம்பிளையும் தனித்தனியாக ஒட்டுவது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒட்டினால் அரிய இனம் ஒன்றிரண்டு கூடக் கிடைக்கலாம், ஆனால் ரகங்கள் கலந்து மற்றதெல்லாம் சிதறும். தனியாக ஒட்டி, எல்லாச் சாம்பிளின் ரீடுகளையும் ஒவ்வொன்றின் மேலும் பொருத்திப் பார்த்து, பின்னிங்குக்கு மெட்டாபேட் 2, செமிபின் 2 இரண்டையும் ஓட்டி, கடைசியில் 95 சதவீதம் ஒத்துப்போகும் ஜீனோம்களை ஒரே இனமாக எண்ணிக் கழித்தால் போதும். நானோபோர் ரீடுகளை ஒட்ட மெட்டாஃப்ளை. அதற்கு முன்னால், துளை வழியே டிஎன்ஏ போகும்போது மெஷின் பதிவு செய்யும் மின் சிக்னலை எழுத்தாக மாற்ற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும், லேப்டாப் பிராசஸரில் விட்டால் நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சொந்தக் கணினி இல்லாதவர்கள் ஒட்டும் வேலைக்கு கேலக்ஸி, கேபேஸ் மாதிரி இலவசத் தளங்களைப் பயன்படுத்தலாம். வரிசை மெதுவாக நகரும், ஆனால் கரண்ட் போனால் வேலை பாதியில் நிற்காது.

தரத்துக்கு ஒரு அளவுகோல் 2017-இல் வந்தது. 90 சதவீதத்துக்கு மேல் நிறைவு, 5 சதவீதத்துக்குக் கீழே கலப்படம், மூன்று ஆர்ஆர்என்ஏ ஜீன்கள், குறைந்தது 18 டிஆர்என்ஏ (இரண்டும் புரதம் செய்யத் தேவையானவை) இருந்தால் உயர்தர ஜீனோம். பாதி நிறைவும் பத்துக்குக் கீழே கலப்படமும் என்றால் நடுத்தரம். ஷார்ட் ரீடில் 98 சதவீத நிறைவு வந்தாலும், ஆர்ஆர்என்ஏ ஜீன்கள் ஒட்டுப்படாமல் தொலைந்து போவதால் பல ஜீனோம்கள் நடுத்தரத்திலேயே நிற்கும். இந்தச் சதவீதத்தை ரொம்ப நம்பவும் வேண்டாம். நிறைவைக் கணிக்கும் செக்எம் என்ற மென்பொருள் பார்ப்பது, அந்தந்த வம்சத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பிரதியாக இருக்கும் ஜீன்களைத்தான். அவை குரோமோசோமில் இருப்பவை. பிளாஸ்மிட் முழுக்கத் தொலைந்தாலும், தீவுகள் எல்லாம் விடுபட்டாலும் எண் 98 என்றே நிற்கும். உப்பளத்து உயிரின் சுவையான ஜீன்கள் பல அந்தத் தொலைந்த பகுதியில்தான் இருக்கும். மேற்பார்வையாளர் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் நீங்கள் படாதீர்கள்.

பணத்தைப் பிரிப்பது எப்படி? விலை அடிக்கடி மாறுகிறது, ஆளுக்கொரு கொட்டேஷன், ஆகவே தொகை சொல்லாமல் பங்கு சொல்கிறேன். உப்பளத்துக்கு: மூன்றில் இரண்டு பங்கு நானோபோரில், 25 டிகிரி தாண்டிய ஒரே பாத்திக்கு. மீதி ஒரு பங்கில், வெவ்வேறு டிகிரியிலிருக்கும் ஐந்தாறு பாத்திகளுக்கு ஆளுக்கு இரண்டு ஜிகாபேஸ் ஷார்ட் ரீட். ஒட்டுவதற்கு அது போதாது, எந்த இனம் எந்த டிகிரியில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று காட்டப் போதும். ஒரு சதவீதம் இருக்கும் இனம் கூட ஆறேழு தடவை படிக்கப்பட்டுவிடும், பின்னிங்குக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். கடைசிப் பாத்தியில் எடுத்தது மட்டும் அரிய இனங்களின் எழுத்துப் பிழையைத் திருத்தவும் உதவும், அதை மட்டும் ஐந்து ஜிகாபேஸாக்கிக்கொள்ளுங்கள். கம்பெனியில் கொடுத்தால் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மூல சிக்னல் ஃபைல்கள் தருவார்களா, எந்த மாடலில் எழுத்தாக்கினார்கள், மிச்ச டிஎன்ஏ திரும்ப வருமா. மூல சிக்னல் கையில் இருந்தால் நாளைக்குப் புது மாடல் வரும்போது காசு இல்லாமல் மறுபடி எழுத்தாக்கிக்கொள்ளலாம்.

அனுமதி விஷயத்தில் உப்பளம் எளிது, உரிமையாளரோ குத்தகைதாரரோ தலையசைத்தால் போதும். பாபநாசத்துக்கு மேலே போய் ஆற்றை எடுக்க நினைத்தால் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும், காகிதம் நகர மாதக்கணக்கில் ஆகலாம். சாம்பிளையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும், சென்னையிலிருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரீடுகளை ஃபரிதாபாத்தில் 2022-இல் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையத்திலேயே சேர்க்கலாம்.

எப்போது போவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்தால் பாத்திகள் வெள்ளக்காடு, டிகிரி சரிந்துவிடும், சிவப்பும் போய்விடும். தை, மாசியில் பாத்தி மிதித்துச் சரிசெய்து, தண்ணீர் ஏற்றி, திரும்பச் சிவக்கக் கோடை பிறந்துவிடும். சித்திரை முதல் ஆவணி வரை எப்போது போனாலும் நல்ல சாம்பிள் கிடைக்கும். ஃப்ளோசெல்லை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று மாதத்துக்குத்தான் கம்பெனி உத்தரவாதம், அதற்குள் ஓட்டிப் பார்த்து 800 துளைகளுக்குக் குறைவாக உயிரோடு இருந்தால் மாற்றித் தருவார்கள். டிஎன்ஏவை எடுத்து, கியூபிட்டில் அளந்து, ஜெல்லில் நீளம் பார்த்த பிறகு ஆர்டர் போட்டால் போதும்.